செவி கேளாத வெண்குட்டிகள்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த ராஜபாளையத்தில், தோட்டக் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்குமென வளர்க்கப்பட்டது ராஜபாளையம் நாய். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகள் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயின. வேட்டை ஒழிந்தும் நாயின் புகழ் குன்றவில்லை. 2005இல் அஞ்சல் தலையிலும் அது இடம்பெற்றது.

அப்புகழே குட்டிகளுக்கு இடராயிற்று. தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே விரும்பப்பட்டமையால், நெருங்கிய உறவுடைய நாய்களையே இணைசேர்க்கும் வழக்கம் பெருகியது. நிறமி குன்றிய குட்டிகளுள் சில செவிடாகவே பிறக்கின்றன. காவலுக்கு உதவாத அவற்றை விலைகொடுத்து வாங்குவார் அரியர்.

சீவகசிந்தாமணியில், அடியுண்டு உயிர்விடும் நாய்க்குச் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்தது. அந்நாய்க்குக் கேட்கும் செவியேனும் இருந்தது.

செவிட்டுக் குட்டியைக் கையசைவாலும் தரையதிர்வாலுமே பழக்க வேண்டும். பொறுமையுடையோர்க்கு அஃது அரிதன்று. இவ்வினம் ஒருவரையே தலைவராகப் பற்றிக்கொள்வது. வளர்ந்தபின் வீடு மாற்றினால் ஏங்கும். ஆதலின் ஏற்று வளர்க்க முன்வருவோர், அது பால் மறந்த இரண்டாம் மாத அளவிலேயே இல்லத்திற்கு அழைத்துக்கொள்ளுதல் நலம்.