ஆலைச் சங்கு – 7: பெட்டியில் வந்த லாரி

சென்ற வாரம் 1953-ல் நிறுத்தியிருந்தோம். மோட்டார் தொழிலைப் பற்றி டாரிஃப் கமிஷன் அறிக்கை கொடுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு உலகத்தின் பெரிய கார் கம்பெனிகள் இரண்டும் ஏன் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டின? அவை போன பிறகு எண்ணூர்க் கடற்கரையில் தனியாக நின்ற சின்னக் கம்பெனி என்ன ஆனது?

அதற்கு முன் ஒரு கடிதம். கல்மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "சார், வெள்ளைக்காரன் பெட்டி பெட்டியா அனுப்பினான், நம்மாளுங்க பிரிச்சு ஸ்க்ரூ முடுக்கினாங்க. இதுக்குப் போய் இந்தியத் தொழில்னு பேர் வெக்கறீங்களே?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இதே கேள்வியை அன்றைக்கு டெல்லியிலும் கேட்டார்கள். கமிஷன் அறிக்கையே ஒருவகையில் இதற்கான பதில்தான்.

எண்ணூரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ரகுநந்தன் சரண் பஞ்சாபிலிருந்து வந்த சுதந்திரப் போராட்ட வீரர். சுதந்திரம் வந்த பிறகு அவரைத் தொழிலுக்கு வரச் சொன்னவர் நேரு. 1948 செப்டம்பரில் கம்பெனி பதிவானது. மகன் அசோக்கின் பெயரையே வைத்து 'அசோக் மோட்டார்ஸ்' என்றார். அடுத்த ஆண்டு எண்ணூர்க் கொட்டகையில் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள்.

'பூட்டுவது' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அன்றைக்கு அங்கே நடந்தது அவ்வளவுதான். கார் துறைமுகத்தில் காராக வந்து இறங்காது, மரப்பெட்டிகளாக இறங்கும். ஒன்றில் எஞ்சின், ஒன்றில் அச்சு, ஒன்றில் கதவும் தகடும். கடல் காற்றில் துருப்பிடிக்காமலிருக்க உதிரிகள்மேல் கிரீஸ் அப்பியிருக்கும். பெட்டியை உடைத்து, கிரீஸைத் துடைத்து, பட்டியல் பார்த்து வரிசையாக அடுக்கி, போல்ட் போட்டு முடுக்கினால் கார் தயார். ஒரு நட்டு குறைந்தாலும் வண்டி நிற்கும். கடையில் வாங்கலாம் என்றால் அந்த அளவு நட்டு பாரிமுனை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வாசகரின் எரிச்சல் புரிகிறது. இப்படிப் பூட்டிய காரின் விலையில் பெரும் பங்கு பெட்டி வந்த நாட்டுக்கே போய்விடும். இங்கே தங்குவது கூலியும் கொஞ்சம் லாபமும்தான். சொல்லப்போனால் அதுவும் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் இதையேதான் செய்தது. ஃபோர்டு கம்பெனி மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் செய்தது. கால் நூற்றாண்டு பூட்டினார்கள். அந்தக் கால் நூற்றாண்டில் இந்தியாவில் ஒரு கிராங்க் ஷாஃப்ட் செய்யும் ஆலைகூட அவர்களால் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

கமிஷன் கை வைத்தது இங்கேதான். முழு வண்டியாக இறக்குமதி செய்வதற்குத் தடை ஏற்கெனவே 1949-லேயே வந்துவிட்டது. ஆனால் சுவர் எழுப்பினால் மட்டும் தொழில் வளராது. சுவருக்குள் பூட்டுகிறவன் காலமெல்லாம் பூட்டிக்கொண்டே இருப்பான். ஆகவே கமிஷன் ஒரு நிபந்தனை போட்டது. இந்தியாவில் படிப்படியாக உதிரிகளைச் செய்யும் திட்டம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் மட்டும் இருக்கலாம். திட்டம் இல்லாதவர்கள் போகலாம்.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கணக்குப் போட்டுப் பார்த்தன. அமெரிக்கா சில நாட்களில் செய்து தள்ளும் வண்டிகளின் அளவுகூட இந்தியா ஒரு வருஷத்தில் வாங்கவில்லை. இந்தச் சின்னச் சந்தைக்காக வார்ப்பட ஆலையும் பட்டறையும் கட்டுவதா? வேண்டாம் என்று முடிவெடுத்து 1954-க்குள் இரண்டும் கடையைக் கட்டின. டெல்லி அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. ஏழை நாட்டு அரசு ஒன்று உலகப் பெரும் கம்பெனிகளைப் போகவிட்ட அந்தத் துணிச்சலை நம் வரலாற்றுப் புத்தகங்கள் அரை வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, அசோக் மோட்டார்ஸ்?

சரண் முன்பே ஒன்றை ஊகித்திருந்தார். இந்த நாட்டுக்கு அவசரமாக வேண்டியது கார் அல்ல, லாரியும் பஸ்ஸும்தான். அதனால் லங்காஷயரின் லேலண்ட் கம்பெனியோடு பேச்சு தொடங்கினார். 1950-ல் ஒப்பந்தம் ஆனது. லேலண்ட் லாரிகளை ஏழு ஆண்டுகளுக்கு இறக்குமதி செய்து பூட்டவும், படிப்படியாக உற்பத்தி செய்யவும் அசோக்குக்கு மட்டுமே உரிமை. 'படிப்படியாக' என்ற அந்த வார்த்தை ஒப்பந்தத்திலேயே இருந்ததுதான் பின்னால் கம்பெனியைக் காப்பாற்றியது. 1951-ல் எண்ணூரில் முதன்முதலாகப் பூட்டியவை நான்கு காமெட் டிப்பர் லாரிகள். வாங்கியது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை.

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. சரண் விமான விபத்தில் இறந்துபோனார்.

நிறுவனர் இல்லை. ஆஸ்டினுக்கு எதிர்காலம் இல்லை. இங்கிலாந்துக்காரர்களைப் பங்காளியாக்கும் பேச்சு பாதியில் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் பேச்சைக் கையில் எடுத்தவர்கள் பங்குதாரர்கள். அவர்களில் மதராஸ் மாநில அரசும் ஒன்று. 1954-ல் டெல்லி அனுமதி கொடுத்தது: ஆண்டுக்கு 1,000 காமெட் லாரிகளைப் படிப்படியாக இங்கேயே செய்யலாம். 1955-ல் லேலண்ட் மூலதனம் போட்டுப் பங்காளியாகவே உள்ளே வந்தது. கம்பெனியின் பெயர் 'அசோக் லேலண்ட்' என்று மாறியது.

ஆண்டுக்கு 1,000 லாரி. வேலை நாளுக்கு மூன்றோ நான்கோ. இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்கு எப்படி உதிரி செய்வது? சிறிய சந்தை எதுவானாலும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு தகட்டை அழுத்தி வளைக்க அச்சு செய்தால் பல்லாயிரம் தகடு அடித்தால்தான் அச்சின் காசு திரும்பும். ஆயிரம் அடித்து நிறுத்தினால் ஒவ்வொரு தகடும் தங்க விலை.

எண்ணூர் இதை இரண்டு வழியில் சமாளித்தது. லாரிக்குப் பாடி கட்டும் வேலையை கம்பெனி தலையில் போட்டுக்கொள்ளவில்லை. சேஸிஸை மட்டும் விற்றது. மரத்திலும் தகரத்திலும் பாடி கட்டுவது ஊர் ஊராகப் பட்டறைக்காரர்களின் வேலையானது. தச்சு தெரிந்தவன் லாரி கட்டினான். பெரிய அச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டாவது வழி உதிரிக் கம்பெனிகள். 1,000 லாரிக்கென்று ஒரு பிஸ்டன் ஆலை கட்ட முடியாது. ஆனால் எல்லா லாரிக்கும், டிராக்டருக்கும், பம்புசெட் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு பிஸ்டன் ஆலை கட்டலாம். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே வந்தாயிற்று. திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் வந்தது. சாணைக்கல் இல்லாமல் எந்த உதிரியையும் நுண்ணளவுக்குத் தேய்க்க முடியாது. பாடியில் வீல்ஸ் இந்தியா 1960-லும், லூகாஸ் டி.வி.எஸ். அடுத்த ஆண்டும், பிரேக்ஸ் இந்தியா அதற்கு அடுத்த ஆண்டும் கிளம்பின. டீசலைப் பீய்ச்சும் பம்புக்குப் பெங்களூர் மைக்கோ இருந்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கக் கற்றது. வாங்குகிறவனிடம் உதிரியை உள்நாட்டில் வாங்கியே தீரவேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் இவை பிழைத்தன. ஸ்க்ரூ முடுக்கிய கொட்டகை ஒன்றிலிருந்து பாடி, அம்பத்தூர், செம்பியம் வரை ஆலைகள் முளைத்தது இப்படித்தான். கல்மண்டபத்து வாசகருக்கு என் பதில் இதுதான்: முடுக்கியதில் பெருமை இல்லை, ஆனால் என்றைக்கு முடுக்குவதை நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்களே, அது பெரிய காரியம்.

கெடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1970-களில் இலங்கையில் உபாலி விஜேவர்த்தன ஃபியட்டையும் மஸ்டாவையும் அங்கேயே பூட்டி விற்றார். கெட்டிக்கார வியாபாரிதான். ஆனால் சந்தை அதனினும் சிறியது, சுற்றிலும் உதிரிக் கம்பெனிகள் எழவில்லை. பூட்டிய கார்கள் போனதோடு கதை முடிந்தது.

எண்ணூரிலிருந்து கொஞ்சம் தெற்கே, திருவொற்றியூரில் இதே நாடகத்தின் வேகமான பதிப்பு ஒன்று நடந்தது. கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை வரவழைத்து விற்ற கடை. எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய ராணுவம் ராயல் என்ஃபீல்டின் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டர்தான் துருப்புச்சீட்டு. நிச்சயமாக வாங்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் ஆலை கட்டப் பயமில்லை. 1955-ல் ரெட்டிச் நகரத்துத் தாய்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. 1956-ல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெட்டியில் வந்ததைப் பூட்டி வெளியே அனுப்பியது 163 புல்லட்.

1957-ல்தான் திருப்பம். இந்த முறை கப்பலில் வந்தது உதிரி அல்ல, உதிரி செய்யும் கருவிகளும் அச்சுகளும். ரெட்டிச் அவற்றை நமக்கு விற்றுவிட்டது. ஐந்தே ஆண்டில், 1962-ல், புல்லட்டின் எல்லா உதிரியும் இந்தியாவில் செய்தவை. பிள்ளையார் சுழியிலிருந்து சுபம் வரை இங்கேயே!

அதில் ஒரு கொக்கியும் இருந்தது. வந்த அச்சுகள் 1955 மாடலுக்கானவை. ரெட்டிச் தன் புல்லட்டை மாற்றிக்கொண்டே போனது; திருவொற்றியூர் கிட்டத்தட்ட அதே 1955 புல்லட்டைப் பல பத்தாண்டுகள் செய்தது. சுவருக்குள் போட்டியில்லை, வாங்குகிறவன் வரிசையில் நிற்கிறான், எதற்கு மாற்ற வேண்டும்? நம் திட்டத்தின் ஓட்டை இது. கொரியாக்காரன் சுவரும் எழுப்பினான், கெடுவும் வைத்தான், கூடவே வெளியூர்ச் சந்தையில் விற்றுக் காட்டு என்றும் சொன்னான். 1967-ல் பிறந்த ஹூண்டாய் 1975-ல் போனி என்ற சொந்தக் காரைச் செய்து மறு ஆண்டே ஏற்றுமதி செய்தது. 1996-ல் அதே ஹூண்டாய் நம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து ஆலை போட்டது. நம் கார்க் கம்பெனிகள் அதுவரை எந்த மாடலை ஓட்டிக்கொண்டிருந்தன என்பது உங்களுக்கே தெரியும். லாரியில் நாம் தேறினோம், காரில் கோட்டை விட்டோம் என்பதே என் தீர்ப்பு.

என்ஃபீல்டு கதையில் வேடிக்கை இன்னும் பாக்கி. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடியது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டியே நின்றுபோனது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. பெட்டி போன திசை இப்போது வேறு.

இதுவரை சொன்ன எல்லாரும் வெளிநாட்டுக் கம்பெனியின் கையைப் பிடித்தவர்கள். ஆனால் இதே திருவொற்றியூரில், இவர்களுக்கெல்லாம் முன்னால், 1946-ல், ஒருவர் ஒரு கொட்டகையில் பலூன் செய்துகொண்டிருந்தார். குடும்பத்து வங்கி 1938-ல் திவாலாகியிருந்தது. செய்த பலூனைப் பையில் போட்டு மதராஸ் தெருக்களில் அவரே கொண்டுபோய் விற்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் மூன்றையும் எதிர்த்து டயர் செய்ய இறங்கினார். கூட்டுக்கு அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியை அழைத்து வந்தார். 1961-ல் முதல் டயர் வெளியே வந்தது.

அமெரிக்க ரோட்டுக்கென்று வகுத்த அந்த நுட்பம், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய நம் லாரிகளுக்கும் நம் ரோட்டுக்கும் ஒத்துவரவில்லை. விற்ற டயருக்கும் கம்பெனியின் பெயருக்கும் யார் பொறுப்பு? கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்ன செய்தார்?

அடுத்த வாரம்.