ஊராரே மருத்துவத் துணைவர்

மருத்துவர் மருந்து தருவார், நோயாளி அதனை உண்பார், நோய் நீங்கும். மருத்துவத்தைப் பற்றி நம்மிற் பெரும்பாலோர் கொண்டுள்ள கருத்து இதுவேயாகும். மருந்தும் மருத்துவரும் மட்டுமே போதுமாயின், மருத்துவமனையின் நிழலிலேயே வாழும் ஏழைக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் நோயுறுவானேன்? இவ்வினாவிற்கு விடை தேடிய இருவரின் வரலாறு ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

ரஜனிகாந்த் ஆரோலே, அவர்தம் துணைவியார் மேபெல் ஆரோலே ஆகிய இருவரும் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர்கள். அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்துத் திரும்பிய அவர்கள், 1970ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்தின் ஜாம்கேடு வட்டாரத்திற் பணி தொடங்கினர். மழை குன்றிய அப்பகுதியின் மக்கள் முதலில் வேண்டியது மருந்தன்று, உணவும் குடிநீருமே. மருத்துவர்கள் அதற்குச் செவிசாய்த்தனர். குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றைத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளில் அமைத்தமையால், நீர் வேண்டிய பிற சாதியாரும் அங்கே செல்ல வேண்டியதாயிற்று.

தொடக்கத்திற் பயிற்சி பெற்ற தாதியரையே சிற்றூர்களுக்கு அனுப்பினர். அம்முயற்சி பயன்தரவில்லை, வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்களின் சொல் ஊரார் செவியில் ஏறவில்லை. ஆகவே ஒவ்வோர் ஊரும் தன் பெண்களுள் ஒருவரைத் தேர்ந்து அனுப்பலாயிற்று. அவர்களுட் பலர் எழுத்தறியாதவர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பலர். மகப்பேற்றின்போது தூய்மை காத்தல், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் அளித்தல், தொழுநோயையும் காசநோயையும் தொடக்கத்திலேயே கண்டறிதல் முதலியவற்றை அவர்கள் கற்றனர். கற்றதை ஊரில் மற்றவர்க்குக் கற்பித்தனர். உழவர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் அவர்கட்குத் துணைநின்றன.

1975ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட, மக்களே நடத்தும் மருத்துவப் பணிகளைப் பற்றிய நூலில் ஜாம்கேடும் இடம்பெற்றது. 1978ஆம் ஆண்டில் அல்மா ஆட்டா மாநாடு, தம் நலப்பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாம் என அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆரோலே தம்பதியர் மகசேசே விருது பெற்றனர்.

ஆயினும், நல்ல முறையொன்றைப் பெயரளவிற் பின்பற்றினால் பயன் விளைவதில்லை. 1977இல் இந்திய அரசு நாடளாவிய சிற்றூர் நலப்பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. அமர்த்தப்பட்டோர் பெரும்பாலும் ஆடவர். பல ஊர்களிற் செல்வாக்குடையோரின் விருப்பமே தேர்வாயிற்று. நாளடைவில் அத்திட்டம் நலிந்தது. 2005இல் மீண்டும் ஊர்ப்பெண்களையே நாடி 'ஆஷா' பணியாளர் திட்டம் வகுக்கப்பட்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. மக்கள் பங்கேற்பு என்பது அரசின் சுமையை ஏழையின் தோளில் ஏற்றுவதன்று. ஜாம்கேட்டிலும் மருத்துவமனை உண்டு. அறுவை மருத்துவத்திற்கு அஃது இன்றியமையாதது. மருத்துவமனைக்கும் குடிசைக்கும் இடையே நம்பத்தக்க ஒருவர் நிற்க வேண்டும் என்பதே அங்குக் கண்ட உண்மை.

எழுத்தறியாதவர் அறிவற்றவரல்லர். பிறரால் ஒதுக்கப்பட்ட பெண்ணிடம் ஊரின் உயிரை ஒப்படைக்கலாம் என ஜாம்கேடு மெய்ப்பித்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனை நோக்கும்பொழுதெல்லாம் ஆசிரியராகிய நாம் நினைவிற் கொள்ளவேண்டிய பாடமும் இதுவேயன்றோ?