கிற்றார் அம்ப் மாற்றும் பெடல்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

"அண்ணை, அம்ப் மாத்துற பெடல் ஒண்டு வாங்க வேணும். எது நல்லது?" கிற்றார் வாசிக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கோயில் திருவிழா, கலியாண மண்டபம், பாடசாலை விழா என்று வடக்கின் பல மேடைகளில் ஒலியமைப்பு வேலை செய்பவன் நான். பெடலின் பெயரைச் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகளை அவர்களிடம் திருப்பிக் கேட்பேன். நீங்கள் மாற்றப்போவது எதை? உங்கள் அம்ப் பிளக்கில் ஏர்த் ஒழுங்காக இருக்கிறதா? முதற் கேள்வி காசைக் காப்பாற்றும். இரண்டாவது உயிரைக் காப்பாற்றும்.

சனல் மாற்றுவதா, அம்ப் மாற்றுவதா?

கடையில் எல்லாவற்றையும் 'சுவிட்ச் பெடல்' என்றே சொல்வார்கள். உண்மையில் அவை வேறு வேறு பொருட்கள்.

ஒரே அம்பில் சுத்தமான ஒலிக்கும் டிஸ்ரோஷன் ஒலிக்கும் தனித்தனிச் சனல் இருந்தால், உங்களுக்குத் தேவை கால் சுவிட்ச் மட்டுமே. அது அம்பின் பின்புறத்திலோ முன்புறத்திலோ 'புட்சுவிட்ச்' என்று எழுதப்பட்ட துளையில் செருகப்படும். அதனூடாகக் கிற்றாரின் ஒலி போவதில்லை. சனலை மாற்று என்ற கட்டளை மட்டுமே போகிறது. ஆகவே ஒலி கெட்டுவிடும் என்ற பயம் இங்கே தேவையில்லை.

ஒரு கிற்றாரிலிருந்து இரண்டு அம்ப்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமானால் ஏ-பி பெடல் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடவும் விரும்பினால் ஏ-பி-வை பெடல் வேண்டும். இவற்றினூடாகக் கிற்றாரின் ஒலியே போகிறது. தரம் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது.

சனல் சுவிட்ச்: பொருந்துமா என்பதே கேள்வி

கால் சுவிட்சில் இரண்டு வகை உண்டு. ஒருமுறை மிதித்தால் அப்படியே நிலைத்து நிற்பது லாட்சிங் வகை. கால் வைத்திருக்கும் வரை மட்டும் இணைப்பது மொமென்ரறி வகை. பொஸ் கொம்பனியின் எஃப்எஸ்-5எல் முதல் வகை, எஃப்எஸ்-5யூ இரண்டாம் வகை. பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மாறி வாங்கினால் மிதிக்கும்போது மட்டும் சனல் மாறி, காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அல்லது இரண்டு முறை மிதித்தால்தான் மாறும். எஃப்எஸ்-6 இல் இரண்டு பொத்தான்கள் உண்டு, ஒவ்வொன்றையும் எந்த வகையாகவும் அமைத்துக்கொள்ளலாம்.

உங்கள் அம்ப் எந்த வகையைக் கேட்கிறது என்பது அதன் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாவிட்டால், இக்காலத்து ட்ரான்சிஸ்டர் அம்ப் என்றால் ஒரு சிறு சோதனை செய்யலாம். சாதாரணக் கிற்றார் வயரை அந்தத் துளையில் செருகி, மறு முனையின் நுனியையும் உடற்பகுதியையும் ஓர் உலோகத் துண்டால் தொடுங்கள். தொட்டிருக்கும் வரை மட்டும் சனல் மாறி நின்றால் லாட்சிங் வகை வேண்டும். ஒவ்வொரு முறை தொடும்போதும் மாறி மாறி வந்தால் மொமென்ரறி வகை வேண்டும். பழைய வால்வ் அம்பில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். சிலவற்றில் அந்தத் துளையிலேயே கூடிய வோல்ற் இருக்கும்.

ஒற்றைச் சனல் சுவிட்சுக்குள் இருப்பது ஒரு பொத்தானும் ஒரு துளையும்தான். வானொலி திருத்துபவர் ஒருவர் ஓர் உலோகப் பெட்டியில் சில மணி நேரத்தில் செய்து தருவார். ஆனால் இரண்டு பொத்தான் உள்ள சில பெட்டிகளுக்குள் டயோடு போன்றவை இருக்கும். சில அம்ப்களுக்குப் பல முனைச் செருகி வேண்டும். அவற்றுக்கு அந்தக் கொம்பனியின் சுவிட்சைத் தேடி வாங்குவதே நல்லது.

ஏ-பி, ஏ-பி-வை: மின்சாரம் வேண்டுமா?

உள்ளே வெறும் சுவிட்ச் மட்டும் உள்ளவற்றை 'பாசிவ்' என்பார்கள். மோர்லி ஏ-பி-வை இந்த வகை. அதில் 9 வோல்ற் பற்றரி விளக்குக்காக மட்டுமே. பற்றரி இறந்தாலும் பாட்டு நிற்காது. மின்சாரம் நம்ப முடியாத இடத்தில் இது பெரிய ஆறுதல். ஒரு நேரத்தில் ஓர் அம்ப் மட்டும் வாசிப்பவருக்குப் பெரும்பாலும் இது போதும்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது நிலைமை மாறுகிறது. கிற்றாரின் மெல்லிய சமிக்ஞை இரண்டு வயர்களையும் இரண்டு அம்ப்களையும் ஒன்றாகச் சுமக்க வேண்டும். வயர் நீள நீள உச்ச ஒலிகள் மங்கும். அதைத் தடுக்க 'பஃபர்' உள்ள பெடல் வேண்டும். பொஸ் எல்எஸ்-2 அப்படியான ஒன்று. அதற்கு 9 வோல்ற் கட்டாயம். ஏற்கெனவே பஃபர் உள்ள வேறொரு பெடல் உங்கள் வரிசையில் முன்னால் இருந்தால், பாசிவ் பெடலே சமாளித்துவிடும்.

இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸ் ஒலி காணாமற்போய், சத்தம் மெலிந்தால் அம்ப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஓர் அம்ப் அலையை மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கிறது. பெடலில் 'போலாரிற்றி' என்ற சிறு பொத்தான் இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். அந்தப் பொத்தான் உள்ள பெடலுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது வீணல்ல.

இரைச்சலும் ஏர்த்தும்

இரண்டு அம்ப்களை ஒரு பெடல் இணைத்ததும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் தொடங்கலாம். இரண்டு அம்ப்களும் சுவரில் ஏர்த்தால் இணைந்திருக்கின்றன. இப்போது கிற்றார் வயர்களின் உறையாலும் இணைகின்றன. இப்படி உருவாகும் வளையத்தில் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுகிறது. ஒன்றை மட்டும் வாசித்தாலும் பல ஏ-பி பெடல்களில் உறைகள் சேர்ந்தே இருப்பதால் இரைச்சல் வரும். ஓர் அம்பின் வயரைப் பெடலிலிருந்து கழற்றியதும் அது நின்றால் காரணம் இந்த வளையம்தான். கிற்றாரைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அது கிற்றாரின் பிக்கப் இழுக்கும் இரைச்சல். எந்தப் பெடலும் அதைத் தீர்க்காது.

வளையத்தை உடைக்கப் பலர் செய்வது ஓர் அம்பின் ஏர்த் முனையை வெட்டுவது. இரைச்சல் உடனே நின்றுவிடும். ஆனால் அந்த அம்பினுள் உயிர் வயர் எப்போதாவது உடற்கூட்டில் தொட்டால், மின்சாரம் நிலத்துக்கு இறங்க வழி இருக்காது. அது கிற்றார்த் தந்திகளில் வந்து காத்திருக்கும். கை தந்தியிலும் உதடு மைக்கிலும் படும்போது பாதை நெஞ்சினூடாகப் பூர்த்தியாகும். 1972 மே 3 ஆம் திகதி வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் ஸ்ரோன் த குரோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹாவி, ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யாட்பேட்ஸ் குழுவின் பாடகர் கீத் றெல்ஃப் 1976 இல் தன் வீட்டிலேயே கிற்றார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார்.

1990 இல் தொடங்கிப் பல வருடங்கள் மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாம். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் அந்தப் பழக்கம் எங்களை வாழ வைத்தது. இன்றும் ஏர்த் துளையில் பேனா மூடியைக் குத்தி இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதைப் பல மண்டபங்களில் காண்கிறேன். எதிலும் சமாளிக்கலாம். ஏர்த்தில் மட்டும் கூடாது.

சரியான தீர்வு பெடலிலேயே இருக்கிறது. ஒரு வெளியீட்டில் சிறு ட்ரான்ஸ்போமர் வைத்துப் பிரித்த பெடல்கள் உண்டு. றேடியல் பிக்ஷொட் ஏ-பி-வை, றேடியல் ட்வின்-சிற்றி, லேலே பி-ஸ்பிளிற் ஆகியவை அப்படியானவை. ட்ரான்ஸ்போமர் ஒலியைக் கடத்தும், சுற்றும் மின்னோட்டத்தைத் தடுக்கும். சுவர் ஏர்த் அப்படியே இருக்கும். அதற்கு முதல், இரண்டு அம்ப்களையும் ஒரே சொக்கற் வரிசையில் செருகிப் பாருங்கள். சில வேளை அதுவே போதும்.

மேடை இணைப்பில் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிட்ச் இருப்பது நல்லது. ஜெனரேற்றரில் ஓடும் மேடையென்றால் ஏர்த் கம்பி நிலத்தில் இறக்கப்பட்டுள்ளதா, ரிப் சுவிட்ச் உண்மையில் விழுகிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது

உறவுகள் கனடாவிலிருந்து அனுப்பும் அடப்ரரில் 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் எரிந்துவிடும். 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற் டீசி, நடுவில் மைனஸ். பெடலின் பக்கத்தில் உள்ள குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 120 வோல்ற் அம்புக்கு வோல்ற் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கினால், அதன் ஏர்த் இரு பக்கமும் தொடர்கிறதா என்று மீற்றரால் பார்த்து வாங்குங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்

இரண்டு அம்ப் ஹெட்களை ஒரே ஸ்பீக்கர் பெட்டிக்கு மாற்ற ஏ-பி பெடலைப் பயன்படுத்தக் கூடாது. அது கிற்றார்ப் பக்கத்துக்கானது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடும் வால்வ் அம்பின் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் கருகிப்போகலாம். அதற்கென்றே றேடியல் ஹெட்போன் போன்ற தனிச் சாதனங்கள் உண்டு.

சுருக்கமாக

ஓர் அம்ப், இரண்டு சனல்: பொருத்தமான கால் சுவிட்ச் போதும்.
இரண்டு அம்ப், ஒரு நேரத்தில் ஒன்று: பாசிவ் ஏ-பி. இரைச்சல் வந்தால் ட்ரான்ஸ்போமர் உள்ளது.
இரண்டும் சேர்ந்து: பஃபர், ட்ரான்ஸ்போமர், போலாரிற்றிப் பொத்தான் மூன்றும் உள்ள ஏ-பி-வை.

காசு குறைவாக இருந்தால் பஃபரையும் போலாரிற்றியையும் பிறகு பார்க்கலாம். விலை கூடிய பெடலை வாங்க முதல் அந்தக் காசில் ஒரு பகுதியை மூன்று முனைப் பிளக்குக்கும் நல்ல சொக்கற்றுக்கும் ஒதுக்குங்கள்.