ஔவையார் கதைகள்

ஔவையார் கதைகள் என்பவை, தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்கப் புலவரையும், அதே பெயரில் பிற்காலத்தில் வாழ்ந்த புலவர்களையும் ஒரே மூதாட்டியாக்கி வழங்கும் வாய்மொழிக் கதைகள். அவையிலும் தெருவிலும் அஞ்சாமல் பேசும் பெண்ணைத் தமிழ் மரபு எந்த நிபந்தனைகளோடு ஏற்றது என்பதை இவை காட்டுகின்றன.

சங்கப் பாடல்களில்

சங்கப் பெண்பாற் புலவர்களில் மிகுதியாகப் பாடியவர் ஔவையார். அவருடைய 59 பாடல்கள் கிடைத்துள்ளன. அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது சென்றபோது, தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூடி அழகாக இருப்பதையும், அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் பாடினார். போரையே காணாத படை என்ற குத்தல், புகழ்ச்சிக்குள் மறைந்திருந்தது. பரிசில் தாமதமானபோது, எங்கு போனாலும் சோறு கிடைக்கும் என்று அதியமானின் வாயில்காவலனிடமே சொன்னார். அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலை என்னும் இரங்கற்பாடலில், அவனோடு கள் பகிர்ந்ததை ஒளிக்காமல் நினைவுகூர்ந்தார்.

நாட்டார் கதைகளில்

கதைகளில் இந்தத் துணிவுக்கு விலை உண்டு. மணம் பேசும் வயதில் ஔவை பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெறுகிறார். அதன்பின்பே ஊர் ஊராகத் தனியே நடக்கவும் அரசர்க்குப் புத்தி சொல்லவும் முடிகிறது. நாவல் மரத்துக் கதையில், மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த முருகன் சுட்ட பழம், சுடாத பழம் என்ற சிலேடையால் அவர் கல்விச் செருக்கை அடக்குகிறான். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற தோற்றமும் இந்த மூதாட்டியே.

பெண்களின் நோன்பில்

தென்மாவட்டங்களில் ஆடி, தை, மாசிச் செவ்வாய்களில் நடக்கும் ஔவை நோன்பு முழுக்கப் பெண்களுடையது. ஆண்கள் உறங்கியபின் ஒரு வீட்டில் கூடி, உப்பில்லாப் பச்சரிசி மாவில் கொழுக்கட்டை அவித்து, மூத்தவள் ஒருத்தி ஔவை கதை சொல்லக் கேட்பார்கள். ஆண் குழந்தைக்குக்கூட அங்கே இடமில்லை. கொழுக்கட்டையையும் ஆண்களுக்குத் தருவதில்லை.

மதிப்பீடு

பிற்கால ஔவை பாடிய ஆத்திசூடியில், பெண் பேச்சைக் கேளாதே என்று பொருள்கொள்ளப்படும் அடியும் உண்டு. பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் பெண்ணை உயர்த்தச் சொன்னார். தகடூரின் ஔவையைப் பாட்டியாக மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு, மன்னனை எதிர்த்துப் பேசிய தூதராகவும் அவரை அறிமுகப்படுத்துவது பாடநூல்களின் கடமை.