ஹும்போல்ட் (குடும்பப் பெயர்)

ஹும்போல்ட் என்பது ஒரு செருமானியக் குடும்பப் பெயர் ஆகும். ஆங்கில ஒலிப்பைத் தழுவி ஹம்போல்ட் எனவும் தமிழில் எழுதப்படுகிறது. பிரசியாவைச் சேர்ந்த வில்லெல்ம், அலெக்சாண்டர் என்னும் உடன்பிறந்தோர் இருவரால் இப்பெயர் உலகப் புகழ் பெற்றது. ஆறு, விரிகுடா, மலை, பனியாறு, கடல் நீரோட்டம், நகரம், பல்கலைக்கழகம் எனப் பலவும் இப்பெயரைத் தாங்கியுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை இளையவரான அலெக்சாண்டரின் நினைவாக இடப்பட்டவை. எனினும் சில மூத்தவரையும், சில இருவரையும் குறிப்பதால், பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்வது பிழைக்கு இடம் தரும்.

நபர்கள்

* வில்லெல்ம் வான் ஹும்போல்ட் (1767–1835) – மொழியியலாளர், மெய்யியலாளர், அரசியலாளர். பிரசியாவின் கல்வித்துறைப் பொறுப்பில் இருந்தபோது பெர்லின் பல்கலைக்கழகம் உருவாக வழிவகுத்தார். சமற்கிருதம் கற்று, 1825, 1826 ஆம் ஆண்டுகளில் பகவத் கீதை பற்றிப் பெர்லின் அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். சாவகத் தீவின் பழைய இலக்கிய மொழியான கவி மொழி பற்றிய இவரது பெருநூல் இவர் இறந்த பின்னர் வெளிவந்தது.
* அலெக்சாண்டர் வான் ஹும்போல்ட் (1769–1859) – இயற்கை ஆய்வாளர், புவியியலாளர். 1799 முதல் 1804 வரை எய்மே போன்பிளான் என்பவருடன் தென் அமெரிக்கா, கியூபா, மெக்சிக்கோ ஆகிய பகுதிகளில் பயணம் செய்தார். காஸ்மோஸ் என்னும் ஐந்து தொகுதி நூலின் ஆசிரியர். இந்தியாவுக்கு வந்து இமயமலையை ஆராயவும் விரும்பினார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பனியின் இசைவு கிடைக்காமையால் அது கைகூடவில்லை.
* கரோலின் வான் ஹும்போல்ட் (1766–1829) – வில்லெல்மின் மனைவி. கலைஞர்களை ஆதரித்தவர்.

இயற்கை அமைப்புகள்

* ஹும்போல்ட் நீரோட்டம் – சிலி, பெரு நாடுகளின் கரையோரமாக வடக்கு நோக்கிப் பாயும் குளிர் நீரோட்டம். பெரு நீரோட்டம் எனவும் அழைக்கப்படுகிறது. கடலடியிலிருந்து சத்துமிக்க நீர் மேலெழுவதால் இப்பகுதி உலகின் மிகச் செழிப்பான மீன்பிடிப் பகுதிகளுள் ஒன்றாக விளங்குகிறது. எல் நீனோ நிகழும் ஆண்டுகளில் இந்த மேலெழுச்சி தளர்ந்து மீன்வளம் குன்றும். அலெக்சாண்டர் 1802 இல் இதன் வெப்பநிலையை அளந்தார். தம் பெயரை இதற்கு இடுவதை அவரே ஏற்கவில்லை. அக்கரையின் மீனவர்கள் இந்நீரோட்டத்தை முந்நூறு ஆண்டுகளாக அறிந்திருந்தனர் என்றும், வெப்பநிலையை முதலில் அளந்தது மட்டுமே தமது பங்கு என்றும் அவர் கூறினார்.
* ஹும்போல்ட் ஆறு – அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பாய்வது. கடலை அடையாமல் பாலைநிலத் தாழ்வுப் பகுதியில் முடிவடைகிறது. 1840களில் ஜான் பிரேமான்ட் இப்பெயரை இட்டார்.
* ஹும்போல்ட் பனியாறு – கிரீன்லாந்தின் வடமேற்கில் உள்ளது. இதன் கடல்முகப்பு ஏறத்தாழ 100 கி.மீ. அகலமானது.
* ஹும்போல்ட் சிகரம் – வெனிசுவேலாவின் இரண்டாவது உயரமான சிகரம். அந்நாட்டில் கடைசியாக எஞ்சியிருந்த பனியாறு இங்கேயே இருந்தது. அது மிகவும் சுருங்கியதால் 2024 இல் பனித்திட்டு என மறுவகைப்படுத்தப்பட்டது.

ஹும்போல்ட் விரிகுடா

கலிபோர்னியாவின் வடகரையில் உள்ள இவ்விரிகுடாவுக்கு 1850 இல் இப்பெயர் இடப்பட்டது. 1853 இல் அமைந்த ஹும்போல்ட் மாவட்டமும் இதனால் பெயர் பெற்றது. அலெக்சாண்டர் இப்பகுதிக்கு வந்ததே இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவர் 1804 இல் பிலடெல்பியா, வாசிங்டன் முதலிய கிழக்குப் பகுதிகளில் சில வாரங்கள் மட்டுமே தங்கினார்.

இங்கு முன்பிருந்தே வாழ்ந்து வரும் வியோத்து மக்கள் விரிகுடாவை விகி என அழைத்தனர். 1860 பெப்ரவரி 26 அன்று விரிகுடாவில் உள்ள துலுவத் தீவில் சமயச் சடங்குக்காகக் கூடியிருந்த வியோத்து மக்களை வெள்ளைக் குடியேறிகள் படுகொலை செய்தனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், சிறுவர், முதியோர் ஆவர். இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஈரேக்கா நகராட்சி தன்வசம் இருந்த தீவின் பகுதிகளை 2019 இல் வியோத்து மக்களிடம் ஒப்படைத்தது. அடிமை முறையையும் குடியேற்றவாதத்தையும் கண்டித்து எழுதிய ஒருவரின் பெயர் இவ்விரிகுடாவுக்கு அமைந்தது ஒரு முரணாகும்.

பிற இடங்கள்

* ஹும்போல்ட் நகரம், கனடா – சாசுகாச்சுவான் மாகாணத்தில் உள்ளது. 2018 ஏப்ரல் 6 அன்று இந்நகரின் இளையோர் பனி வளைதடிப் பந்தாட்ட அணி சென்ற பேருந்து விபத்துக்குள்ளானதில் 16 பேர் உயிரிழந்தனர்.
* ஹும்போல்ட் மாவட்டம் – அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா, அயோவா ஆகிய மூன்று மாநிலங்களில் இப்பெயரில் மாவட்டங்கள் உள்ளன.

வானியல்

நிலவில் இருவர் பெயரும் இடம்பெற்றுள்ளன. ஹும்போல்ட் கடல் எனப்படும் சமவெளி அலெக்சாண்டரையும், ஹும்போல்ட் என்னும் கிண்ணக்குழி வில்லெல்மையும் குறிக்கும். 1858 இல் கண்டுபிடிக்கப்பட்ட 54 அலெக்சாண்ட்ரா என்னும் சிறுகோளும் அலெக்சாண்டரின் நினைவாகவே பெயரிடப்பட்டது.

உயிரினங்கள்

* ஹும்போல்ட் பென்குயின் – பெரு, சிலி கரைகளில் வாழ்வது.
* ஹும்போல்ட் கணவாய் – பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் வாழும் பெரிய கணவாய். நீரோட்டத்தின் பெயரால் அழைக்கப்படுகிறது.

நிறுவனங்கள்

* ஹும்போல்ட் பல்கலைக்கழகம், பெர்லின் – 1810 இல் கற்பித்தலைத் தொடங்கியது. நெடுங்காலம் பிரசிய மன்னர் பிரெடெரிக் வில்லெல்மின் பெயரைக் கொண்டிருந்தது. 1949 இல் ஹும்போல்ட் உடன்பிறந்தோர் இருவரின் நினைவாகவும் பெயர் மாற்றப்பட்டது.
* அலெக்சாண்டர் வான் ஹும்போல்ட் அறக்கட்டளை – செருமனியில் ஆய்வு செய்யும் வெளிநாட்டு அறிஞர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. இன்றைய வடிவில் 1953 இல் நிறுவப்பட்டது.