‘இந்த வயசுல எனக்கு எதுக்குல?’ - தாத்தா, பாட்டிக்கு கம்ப்யூட்டர் பாடம்... மூளைக்கு என்ன லாபம்?

போனைக் கையில் கொடுத்து, “தாத்தா, இதை அமுக்குங்க, அப்புறம் அதை அமுக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். தூத்துக்குடி பக்கமாக இருந்தால் பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “எனக்கு இந்த வயசுல இதெல்லாம் எதுக்குல?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. எந்த பட்டன் என்று மட்டும்தான் சொல்கிறோம், ஏன் என்று சொல்வதே இல்லை. அடுத்த அப்டேட்டில் பட்டன் இடம் மாறிவிட்டால், படித்தது அத்தனையும் வீண். ஆனால், கம்ப்யூட்டர் எப்படி யோசிக்கிறது என்ற அடிப்படையைப் புரிந்துகொண்டால் அது மாறாது. மூளைக்கும் அதுதான் நல்ல வேலை.

66 வயதில் புதுத் தொழில்நுட்பம்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். போர்ச்சுகலில் 1520-ல் பிறந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார், 26 வயதுக்கு மேல் இந்தக் கடற்கரைக்கு வந்துதான் தமிழ் கற்றார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானபோது அவருக்கு வயது 58. ‘அடியார் வரலாறு’ 1586-ல் புன்னைக்காயலில் அச்சானதாக அச்சு வரலாறு சொல்கிறது. அப்போது வயது 66. அந்தக் காலத்துக்கு அச்சு இயந்திரம்தான் கம்ப்யூட்டர்!

நம் காலத்து உதாரணம் ஜப்பானின் மசாகோ வகாமியா. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெறும் சமயத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார். 2017-ல், 81 வயதில், முதியவர்களுக்காக ‘ஹினாடன்’ என்ற ஐபோன் விளையாட்டுச் செயலியை உருவாக்கினார். அதே வருடம் ஆப்பிள் நிறுவனம் தன் டெவலப்பர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் (டல்லாஸ்) டெனிஸ் பார்க் குழுவினர் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் டிஜிட்டல் போட்டோகிராபியும் அதற்கான கம்ப்யூட்டர் மென்பொருளும் கற்றார்கள். சிலர் துணி ஒட்டுத் தையல் கற்றார்கள். சிலர் இரண்டையும் கற்றார்கள். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இவர்களுக்கு நினைவாற்றல் கூடியிருந்தது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கும், வீட்டில் எளிய வேலைகள் செய்தவர்களுக்கும் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பாடம் புதிதாக இருக்க வேண்டும், கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்க வேண்டும். தினமும் ஒரே மாதிரி குறுக்கெழுத்து போடுவது பழகிப்போன வேலை. பழகிய வேலைக்கு மூளை அவ்வளவாக மெனக்கெடாது.

கம்ப்யூட்டர் இல்லாமலே நான்கு பாடங்கள்

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல்லும் நண்பர்களும், கம்ப்யூட்டரைத் தொடாமலே கம்ப்யூட்டர் அறிவியலைச் சொல்லித்தரும் முறையைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். அதே வழியில், வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்துப் பெரியவர்களோடும் உட்காரலாம்.

1. வரிசைப்படுத்துதல்: முத்துக்குளித்துறையில் முத்துகளைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. 20 துளை உள்ளது முதல் 1,000 துளை உள்ளது வரை பத்து சல்லடைகள். பெரிய துளைச் சல்லடையில் தங்குவது பெரிய முத்து. கீழே விழுந்தவை அடுத்த சல்லடைக்குப் போகும். கம்ப்யூட்டரும் தகவல்களை இப்படிக் கூறுபோட்டுப் பிரிப்பதுண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இன்று எழுபதைத் தாண்டியவர்கள் அப்போது சிறுபிள்ளைகள். அந்த நினைவிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். பிறகு பத்து சீட்டில் எண்களை எழுதிக் கலைத்துப் போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் ஒப்பிட்டு, இடம் மாற்றி வரிசையாக்கச் சொல்லுங்கள். எத்தனை தடவை ஒப்பிட்டார் என்று நீங்கள் எண்ணுங்கள்.

2. பாதியாக்கித் தேடுதல்: 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓர் எண் சொல்ல, ‘கூட’, ‘குறைய’ என்று மட்டும் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நடு எண்ணைச் சொன்னால், அதிகபட்சம் ஏழு முயற்சியில் பிடித்துவிடலாம். 1,000 வரை என்றாலும் பத்தே முயற்சிதான். இதைத் தாத்தாவே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும்.

3. இரண்டே இலக்கம்: ஐந்து சோழிகளை வரிசையாக வையுங்கள். வலமிருந்து இடமாக அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16. வாய் மேலே இருந்தால் கணக்கில் சேரும், கவிழ்ந்திருந்தால் சேராது. 19 வேண்டுமா? 16, 2, 1 மூன்றையும் நிமிர்த்துங்கள். இந்த ஐந்தே சோழியில் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம், அதாவது மாதத்தின் எந்தத் தேதியையும்! போனுக்குள் இருக்கும் போட்டோ, பாட்டு, பேச்சு எல்லாமே கடைசியில் இந்த நிமிர்த்தல், கவிழ்த்தல் கணக்குதான்.

4. படிமுறை: பாட்டி மீன் குழம்பு வைக்கும் முறையை ஒவ்வொரு படியாகச் சொல்லட்டும். பேரப்பிள்ளை எழுதி, எழுதியதை மட்டும் செய்யட்டும். “உப்பு போடு” என்றால் “எவ்வளவு?” “கொதிச்சதும் மீனைப் போடு” என்றால் “அடுப்பைப் பற்றவைக்கவே சொல்லலியே பாட்டி!” விட்டுப்போன படியைத் தேடித் திருத்துவதுதான் புரோகிராமர்களின் பாதி வேலை.

ஏமாறாமல் இருக்கவும் உதவும்

ஓடிபி என்பது ஒரே ஒருமுறை திறக்கும் சாவி. வங்கிக்காரரே கேட்டாலும் சொல்லாதே என்று மிரட்டுவதைவிட, “அது பூட்டுக்கு உரியவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய சாவி” என்று விளக்கினால் மனதில் நிற்கும். காரணம் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். மீறிப் பணம் போய்விட்டால், வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லிவையுங்கள். வேறு உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

இதையும் கவனியுங்கள்

* ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். விட்டுவிடாமல் தொடர்வதுதான் முக்கியம்.
* தப்பு செய்தால் போனைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள். ‘எனக்கு வராது’ என்ற எண்ணம் அங்கேதான் வேர்விடும்.
* சரியாகப் புரிந்துகொள்ளவில்லையா? முதலில் கண், காதைப் பரிசோதியுங்கள். எழுத்து தெரியாமலும், சொன்னது கேட்காமலும் இருக்கலாம்.
* கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, காசுக் கணக்கில் திடீர் குழப்பம்... இவையெல்லாம் வயசு என்று விட வேண்டிய விஷயங்கள் இல்லை. டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.
* இந்தப் பாடங்கள் மறதி நோய்க்கு மருந்து ஆகாது. தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகில் மறதி நோயின் சுமார் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது ‘லான்செட்’ குழுவின் 2024 அறிக்கை. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

அதில் கடைசியாகச் சொன்ன தனிமைக்கு, நீங்கள் பக்கத்தில் உட்காரும் அந்த அரை மணி நேரமே பாதி வைத்தியம். இன்று சாயங்காலமே ஐந்து சோழியை எடுத்துவைத்து, “தாத்தா, இன்னைக்குத் தேதியைக் காட்டுங்க பார்ப்போம்” என்று ஆரம்பித்துவிடுங்கள்.