தேயிலைப் பெட்டியும் பலெட்டும்

மலையக வரலாறு என்றால் கூடையில் தொடங்கி லயத்தில் முடிச்சிடுறோம். கொழுந்து ஸ்டோருக்குள்ள போன பிறகு எதில் அடைபட்டு, எதில் ஏறி கடல் தாண்டுது என்று பெரிசா யாரும் எழுதுறதில்லை. எனக்கு அந்தப் பக்கம்தான் சுவாரசியம்.

பதுளைக்குப் பக்கத்து மடுல்சீமையில் 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது, தேயிலை வந்தது. தேயிலையோ ரொம்ப ரோசக்காரப் பொருள். வறுத்தெடுத்த தூளில் ஈரம் 3 சதவீதம் அளவுக்குத்தான் மிஞ்சும். பிறகு பக்கத்தில் இருக்கிற ஈரத்தையும் வாடையையும் அப்படியே இழுத்துக்கொள்ளும். ஊவாத் தேயிலைக்கு விலை கிடைப்பதே ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்றில் வரும் அந்தத் தனி வாசனைக்காக. பிசின் நாறும் பலகையில் அடைத்தால் அத்தனையும் போச்சு.

அதனால் பெட்டிக்கு மணமில்லாத மரம் தேடினார்கள். ஜப்பானிலிருந்து மோமி மரப்பெட்டிகள் வந்தன. பிறகு வெனெஸ்டா போன்ற கம்பனிகள் பால்டிக் கரையில் செய்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள். உள்ளே ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள். ஊவா மலையெல்லாம் காடு வெட்டித்தான் தோட்டம் போட்டார்கள்; பெட்டிக்கு மரம் மட்டும் கப்பலில் வந்தது! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் காலிக்குப் பக்கத்து கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை வந்தது.

ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் அடுத்த வருசம் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. அந்த முப்பது வருசமும் பதுளைப் பக்கத்துப் பெட்டிகள் ரயிலைப் பிடிக்க ரோட்டில்தான் மலையேற வேண்டியிருந்தது.

பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர், தேயிலையின் ரகம், மொத்த எடை, வெறும் பெட்டியின் எடை எல்லாம் அச்சுத்தகடு வைத்து அடிப்பார்கள். வெறும் பெட்டி எடையைக் கழித்துத்தான் வாங்குபவர் காசு கொடுப்பார். நியாயம்தான். மலையிலும் கொழுந்து நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பார்கள். அங்கே எவ்வளவு கழிச்சாங்க என்பது எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. நோமுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர்.

வெறும் பெட்டிக்கு வெளியூரில் வேற வாழ்க்கை. பீட்டில்ஸுக்கு முன்னால் ஜான் லெனன் வைத்திருந்த குவாரிமென் குழுவில், தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டித்தான் பேஸ் வாசித்தார்கள்.

கொள்கலன்கள் வந்ததும் பெட்டியின் காலம் முடிந்தது. பல அடுக்குக் காகித மூட்டை வந்தது. 1994இல் வெளியான ஐஎஸ்ஓ 9884 தரநிர்ணயம், பலெட்டிலும் கொள்கலனிலும் போகிற தேயிலை மூட்டைக்கென்றே எழுதப்பட்டது. பெட்டி தன் காலில் நிற்கும்; மூட்டை நிற்காது. பெட்டியின் பலம் முழுக்க அடியில் இருக்கிற பலெட்டுக்கு மாறியது.

ஆகவே பலெட்டைத் தெரிவதும் சின்ன விசயமில்லை. பலகைகளின் இடைவெளி அகலமாக இருந்தால் மூட்டை பிதுங்கி கிழியும். ஆணித்தலை துருத்தக்கூடாது. பலகை காய்ந்திருக்க வேணும், இல்லாவிட்டால் அதன் ஈரம் தேயிலைக்கு ஏறும். கொள்கலனின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், 1.1 மீட்டர் சதுர பலெட் ரெண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், 1.2 மீட்டர் சதுரம் என்றால் ரெண்டாவதுக்கு இடமில்லை. 2002க்குப் பிறகு இன்னொரு விதியும் சேர்ந்தது: ஏற்றுமதிக்குப் போகும் மரத்தை அதன் நடுப்பகுதி வரை 56 பாகை சூட்டில் 30 நிமிடம் வைத்து, கதிர் படம் போட்ட முத்திரை குத்த வேணும்.

அந்த முத்திரை மரம் துளைக்கும் பூச்சிக்குத்தான். தானியம் தின்னும் கப்ரா வண்டு வேற ரகம். வெடிப்பிலும் மூலையிலும் ஒளிந்து மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைச் சரக்கு ஒன்றில் அந்த வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. நம்ம தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர். அதே நேரம் இலங்கை 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸைக் கட்டுப்படுத்தத் தயாராக இருந்தது. ரஷ்யாவோ அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு. அரசாங்கம் அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. தேயிலைத் தடையும் மாத முடிவுக்குள் நீங்கியது.

வண்டு சில மில்லிமீட்டர்தான். அது சாட்டாக வந்து காப்பாற்றிய அஸ்பெஸ்டஸ் தகடுகள், தோட்டத்து வீடுகள் பலவற்றின் தலைக்கு மேல் இப்பவும் கிடக்கின்றன.